கேளுங்கோ சேர்: தசைக்குத் தள்ளவே தெரியாது

போன இதழில கை கால் உளைவைப் பற்றி சும்மா ரெண்டு வரி எழுதிப்போட்டன், அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதம், வட்சப் எல்லாத்திலயும் முக்கால்வாசி எலும்பும் மூட்டும் தசையும்தான். சரி, இந்தமுறை அதையே பாப்பம்.

சேர், நான் ஓ.எல் படிக்கிறன். தசை இழுக்கும், ஆனா தள்ளாது எண்டு வகுப்பில சொல்லித் தந்தவங்க. அப்ப நான் கதவைத் தள்ளுறன், காத்துப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாறன், அதெல்லாம் என்ன? (மாணவன், சாம்பல்தீவு)

தம்பி, வகுப்பில சொன்னது சரி. ஒரு நாள் விடியக் காலம கடற்கரைக்குப் போய் கரைவலை இழுக்கிறதை நிண்டு பார். அத்தனை பேரும் சேந்து இழுக்க கயிறு கரைக்கு வரும், வலையும் வரும். இப்ப அதே ஆக்களிட்ட, அந்தக் கயிறைப் பிடிச்சுத் தள்ளி வலையைத் திருப்பிக் கடலுக்க அனுப்பச் சொல்லு பாப்பம்! கயிறு மண்ணில சுருண்டு கிடக்கும். வலை திரும்பக் கடலுக்கு போகோணுமெண்டா தோணி வந்து கொண்டு போகோணும். தசையும் அப்பிடித்தான், தன்ர நீளத்தைக் குறைக்க அதுக்குத் தெரியும், திரும்ப நீட்டிவிட மற்றப் பக்கத்தில இன்னொருத்தன் இழுக்கோணும். அதாலதான் தசையள் சோடி சோடியா இருக்கு.

இனி உன்ர கதவு. மேல்கையில முன்னுக்கு இருதலைத்தசை, பின்னுக்கு முத்தலைத்தசை. முழங்கையை மடிச்சு அதின்ர கூரான முனையைத் தொட்டுப் பார், அது மூட்டுக்குப் பின்னால துருத்திக்கொண்டு நிக்கிற எலும்பு. முத்தலைத்தசையின்ர நுனி வந்து கட்டுப்படுற இடம் அதுதான். தசை அந்த முனையை மேல இழுக்குது, மூட்டு நடுவில அச்சு மாதிரி நிக்குது, அப்ப மற்றப் பக்கத்தில இருக்கிற உன்ர முன்கை நீளுது, கதவு திறக்குது. சீசோ பலகையில ஒரு நுனியை அமத்தினா மற்ற நுனி கிளம்புற கதைதான். உனக்குத் தள்ளுற மாதிரி இருக்கு, உள்ளுக்க நடக்கிறது இழுவை.

இன்னும் உள்ளுக்க போனா எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். தசையின்ர ஒவ்வொரு நாருக்குள்ளயும் அக்ரின், மயோசின் எண்டு ரெண்டு வகை இழை இருக்கு. மயோசினில சின்னச் சின்னத் தலையள், அதுகள் அக்ரினைப் பிடிக்கும், இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பப் பிடிக்கும். கரைவலையில பின்னால நிக்கிற ஆள் கயிறை விட்டிட்டு ஓடிப்போய் தண்ணிப் பக்கம் முன்னுக்கு நிண்டு பிடிப்பாரே, அச்சா அதே வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில விட்டா வலை பின்னால போயிரும், அதால சிலபேர் விடேக்க மற்றவை பிடிச்சுக்கொண்டு நிப்பினம், மயோசின் தலையளும் அப்பிடி மாறி மாறித்தான். இழைகள் நீளம் குறையிறேல்ல, ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கிப் போகுது. இதைக் கண்டுபிடிச்சு எழுதினது 1954இல.

ஒரு விசயம் பார், பிடிச்ச பிடியை விடுறதுக்குத்தான் ஏரிபி எண்ட சக்திப் பொருள் வேணும். உயிர் போனாப் பிறகு ஏரிபி முடிஞ்சுபோகும், தலையள் பிடிச்சபடியே நிண்டுரும். காலம மாக்கெட்டில மீன் பலகை மாதிரி விறைச்சுக் கிடந்தா உன்ர அம்மா நல்ல மீன் எண்டு வாங்குவா, அந்த விறைப்பு இதுதான்.

நீ கெட்டிக்காரன் எண்டா இப்ப கேப்பாய், அப்ப நாக்கை எப்பிடி வெளிய நீட்டுறம் எண்டு. அதுவும் இழுவைதான், கீழ்த்தாடையில இருந்து வாற தசை நாக்கை முன்னுக்கு இழுக்குது, நாக்குக்குள்ள குறுக்கால ஓடுற தசை அதை ஒடுக்குது, மாவுருண்டையைப் பக்கத்தால அமுக்கினா நீளுற மாதிரி.

அஞ்சு கிலோ அரிசிப் பையைக் கையில தொங்கவிட்டு நடந்தா ஒண்டும் தெரியிறேல்ல. முழங்கையை மடிச்சு முன்னுக்குப் பிடிச்சா ரெண்டு நிமிசத்தில கை நடுங்குது. பாரம் ஒண்டுதானே சேர்? (வாசகி, கிண்ணியா)

பாரம் ஒண்டுதான் தங்கச்சி, தூக்குற ஆள்தான் வேற. தொங்கவிடேக்க எலும்பும், எலும்பை எலும்போட கட்டி வச்சிருக்கிற நார்களும் கனக்கத் தாங்கிக்கொள்ளுது, விரல் பிடிச்சுக்கொண்டா காணும். மடிச்சுப் பிடிக்கேக்க முழுப் பாரமும் மேல்கைத் தசையில. அந்தத் தசை முன்கை எலும்பில கட்டுப்படுறது முழங்கை மூட்டில இருந்து நாலஞ்சு சென்ரிமீற்றரில, பையோ 30, 35 சென்ரிமீற்றர் தள்ளி உள்ளங்கையில. தூரம் ஏழெட்டு மடங்கு எண்டா இழுவையும் ஏழெட்டு மடங்கு வேணும். அதாவது உங்கட அஞ்சு கிலோவுக்கு தசை 40 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டு நிக்குது, பாவம். கதவைப் பிணைச்சல் பக்கத்தில பிடிச்சுத் திறந்து பாருங்கோ, அதே சிக்கல்.

இதென்ன மடத்தனமான அமைப்பு எண்டு நினைக்காதேங்கோ. தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினா கை ஏழெட்டு சென்ரிமீற்றர் போகும். பலத்தைக் குடுத்து வேகத்தை வாங்கியிருக்கு. அது இல்லாட்டி கிரிக்கட் பந்தும் எறியேலாது, நுளம்புக்கும் அடிக்கேலாது.

கோணேசர் கோயிலுக்கு கோட்டை வாசலில இருந்து நடந்தே ஏறினன், ஏறேக்க மூச்சு வாங்கிச்சு, இறங்கேக்க சுகமா இருந்துச்சு. ஆனா அடுத்த நாள் தொடை நொந்து கதிரையில இருக்க முடியேல்ல. ஏறினதாலயா? (வாசகர், உப்புவெளி)

ஏறினதால இல்ல அண்ணை, சுகமா இருந்துச்சு எண்டு சொன்னீங்களே அந்த இறக்கத்தாலதான்! ஏறேக்க முன்தொடைத் தசை சுருங்கி உங்களை மேல தூக்குது. இறங்கேக்க அதே தசை பிறேக் போடுது, இழுத்துப் பிடிச்சுக்கொண்டே நீண்டுகொண்டு போகோணும், பாரமான கயிறை வழுக்கவிடாம கொஞ்சம் கொஞ்சமா விடுற மாதிரி. சக்தி குறைய செலவாகும், அதால மூச்சு வாங்காது, ஆனா நார்களில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல் விழும். நோ உடன வராது, அடுத்த நாள் தொடங்கி மூண்டு நாள் வரைக்கும் நிக்கும். லக்ரிக் அமிலம் தேங்கினது எண்டு ஜிம்முக்குப் போற பெடியள் சொல்லுவாங்கள், அது பிழை, அந்த அமிலம் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில போயிரும். அடுத்த கிழமையும் ஏறி இறங்குங்கோ, இவ்வளவு நோகாது, தசை பழகிரும். இடையில கோட்டைக்குள்ள நிக்கிற மானுக்குப் பக்கத்தில நிண்டு ஆறிப் போங்கோ.

நெட்டி முறிச்சா மூட்டு தேயுமெண்டு அம்மம்மா பேசுறா. (வாசகி, மூதூர்)

அம்மம்மாவுக்குச் சத்தம் பிடிக்கேல்லப் போல. மூட்டுக்குள்ள வழுவழுப்பான பாயம் இருக்கு, விரலை இழுக்கேக்க உள்ளுக்க இடம் பெருத்து அமுக்கம் குறையும், பாயத்தில கரைஞ்சிருந்த காஸ் குமிழாகும், அந்தச் சத்தம் அப்பதான் வரும். 2015இல கனடாவில எம்ஆர்ஐ வச்சுப் படமே எடுத்தவங்க. அமெரிக்காவில டொனால்ட் அங்கர் எண்ட டொக்டர் 50 வருசமா ஒரு கையில மட்டும் நெட்டி முறிச்சு, கடைசியில ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கெண்டு எழுதி 2009இல, சிரிப்பும் வரவச்சு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற இக் நோபல் பரிசும் வாங்கினவர். ஒரே ஒரு ஆளை வச்சு முடிவு சொல்லேலாது, எண்டாலும் அவற்ற பொறுமையைப் பாருங்கோ. சத்தத்தோட நோ, வீக்கம் வந்தா அது வேற, டொக்டரிட்டக் காட்டுங்கோ.

குழந்தைக்கு எலும்பு கூட எண்டுறது உண்மையா? (வாசகர், தம்பலகாமம்)

ஓம். பிறக்கேக்க 300க்குக் கிட்ட, வளர வளர ஒட்டி 206. முழங்கால் சில்லு பிறக்கேக்க கசியிழையமா, அதாவது காது மடலில இருக்கிற மாதிரி வளையிற இழையமா இருந்து, மூண்டு வயசுக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல எலும்பாகும்.

எனக்கு 67 வயசு, முழங்கால் தேஞ்சிட்டாம். கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா போகுமா? (வாசகி, நிலாவெளி)

அக்கா, சுடுதண்ணி தசையை இளக்கும், நோவும் கொஞ்ச நேரம் குறையும். தேஞ்ச கசியிழையம் அதால திரும்ப வராது. அதுக்கு ரத்தக் குழாயே இல்ல, சாப்பாடு மூட்டுக்குள்ள இருக்கிற பாயத்தில இருந்துதான், அதுவும் நடக்கேக்க ஸ்பொஞ்ச் மாதிரி அமுங்கி விரியேக்கதான் உள்ளுக்க போகும். அதால நோவுக்குப் பயந்து ஒரேயடியா இருந்திராதேங்கோ. கதிரையில இருந்தபடி காலை நேர நீட்டி பத்து எண்ணி இறக்குங்கோ, முன்தொடை பலமானா முழங்காலுக்குப் பாரம் குறையும். கன்னியாவுக்கும் போங்கோ, ஏழு கிணத்துத் தண்ணியையும் வாளியால அள்ளி ஊத்துங்கோ, ஆனா நிலம் ஈரம், பேத்தியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.