என்ஜின் எண் மாறவில்லை, டர்போ பொருத்தினால் என்ன தவறு?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு பழைய நிசான் 370இசட் கார் வாங்கினேன். ஆர்.சி.யும் காப்பீடும் என் பெயருக்கு மாறிவிட்டன. வெளிநாட்டிலிருந்து டர்போ கிட் வரவழைத்து, வீட்டு ஷெட்டில் நண்பரோடு சேர்ந்து பொருத்திக்கொண்டிருக்கிறேன். என்ஜின் எண்ணும் சி.சி.யும் மாறாததால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டாம் என்கிறார் நண்பர். சரியா? காப்பீடு செல்லுமா? படம் இணைத்துள்ளேன்.

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிச் சாலைக்கு வந்துவிடாதீர்கள்.

சி.சி. மாறாது என்பது சரி. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு என்ஜின் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. டர்போ, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளிக் குதிரைத்திறனைக் கூட்டும்; பல ஆர்.சி.க்களில் அந்தக் குதிரைத்திறனும் அச்சிடப்பட்டிருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டு இச்சட்டத்தின் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, உதிரிபாகங்களைப் பின்னர் பொருத்துவதையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஆர்.சி.யில் எதுவும் மாறவில்லை’ என்று நீதிமன்றத்தில் நான் வாதாடலாம். அதை நம்பி உங்களைக் கார் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது படத்தில் இருப்பதுதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள் இரண்டும் கழற்றப்பட்டுச் சாக்கின்மேல் கிடக்கின்றன. அவை இல்லாமல் ஓட்டினால் அதே சட்டத்தின் 190(2)-இன்படி காற்று மாசு, ஒலி மாசு வழக்கும் சேரும்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய புகைச் சான்றிதழ் கையில் இருப்பது காப்பாற்றாது. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய், சூடேறும் எக்ஸாஸ்ட்டை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகிறது. அது கசிந்தால் தீப்பிடிக்கும். விபத்தில் உயிர் போனால் மோட்டார் வாகன ஆய்வாளர் பானட்டைத் திறப்பார். முதல் கேள்வியே யார் பொருத்தினார்கள் என்பதாகத்தான் இருக்கும். உங்களிடம் ஒரு பட்டறை ரசீது கூட இருக்காது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-இன்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. வீட்டிலேயே செய்த இந்த வேலை அலட்சியத்துக்குச் சாட்சியாக நிற்கும்.

காப்பீட்டில் இரண்டு பாகங்களைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் காருக்கான சேதத் தொகையை, மாற்றத்தைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுக்க வாய்ப்பு மிக அதிகம். அடிபட்டவருக்கான இழப்பீடு வேறு; அதை மறுக்க நிறுவனத்துக்கு உள்ள காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது, நினைத்த காரணமெல்லாம் சொல்ல முடியாது. ஆனாலும் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் அலையப்போவது நீங்கள்தான்.

செட்டிப்பாளையம் பந்தயத் திடலில் மட்டும் ஓட்டுவேன் என்றால், லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அப்போதும் ஆர்.சி. நடப்பில் உள்ளவரை 52-ஆவது பிரிவு கூடவே வரும். ஆகவே முதலில் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி எதற்கும் உதவாது.

அதுவரை கன்வெர்ட்டர்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, அவற்றைத் திரும்பப் பொருத்துங்கள். அந்த வேலையைத் தேர்ந்த பட்டறையில் கொடுத்து, ரசீதைக் காப்பீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.