இடுப்பு போனது 18 வருஷத்திலா, ஒரே நாளிலா?

கேள்வி: என் கணவருக்கு வயது 40. 18 வருடமாகக் கம்பி கட்டும் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார். 2025 ஜூலையில் சேலத்தில் ஒரு சைட்டில் கம்பிக்கட்டைத் தோளில் ஏற்றும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆனது. இனி பாரம் தூக்கக் கூடாதாம். மேஸ்திரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார். 18 வருட உழைப்புக்கு இதுதானா விலை?

பதில்: மேஸ்திரி வராததை, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் விசாரிக்கப் போவதில்லை. '18 வருட உழைப்பு' என்ற பேச்சையும் இன்றோடு விடுங்கள். உங்கள் வழக்கைக் கவிழ்க்கப்போவதே அதுதான்.

விபத்து, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பர் 21-க்கு முந்தையது. எனவே 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் பொருந்தும். அது கேட்பது வேலையால் நேர்ந்த ஒரு விபத்தை. குனிந்து குனிந்து தேய்ந்த இடுப்பு அதன் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. ஆனால் பாரம் தூக்கும்போது உடம்புக்குள் ஏதோ அறுந்தால் அதுவும் விபத்துதான், கீழே விழுந்திருக்க வேண்டியதில்லை. சக்கரத்தைத் திருப்பும்போது குடலிறக்கம் கண்ட தொழிலாளிக்கு 1903-லேயே பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த நாள், அந்தக் கம்பிக்கட்டு, அது மட்டுமே உங்கள் மனுவில் இருக்கட்டும்.

என் கட்சிக்காரர்கள் தோற்றது பெரும்பாலும் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில். "எவ்வளவு நாளா வலி?" என்று டாக்டர் கேட்பார். "ரொம்ப வருஷமாவே இருக்கு சார்" என்று மனைவியே பரிதாபமாகச் சொல்லியிருப்பார். 'நாள்பட்ட இடுப்பு வலி' என்று ஏறிவிடும். இன்ஷூரன்ஸ் வக்கீலுக்கு அந்த ஒரு தாள் போதும். சில இடங்களில் கூடப் போன மேஸ்திரியே 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லி வைத்திருப்பார். முதலில் கேஸ் ஷீட்டின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். பாரம் தூக்கியது அதில் இல்லையென்றால் டாக்டரிடம் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். திருத்திய தாள் இன்னும் மோசம். சாட்சிக்கு, கட்டின் மறுமுனையைப் பிடித்திருந்த ஆளைத் தேடுங்கள். கம்பி கட்டுபவர்கள் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-வது பிரிவின்படி செல்லாது. ஆனால் அதைச் சொல்லி வாதாடவே ஒரு வருடம் போய்விடும்.

கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்கு மாதம் 15,000 ரூபாய்க்குத்தான். அதில் 60 சதவீதத்தை, 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் காரணி 184.17-ஆல் பெருக்கினால் முழு ஊனத்துக்குச் சுமார் 16.57 லட்சம். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக டாக்டர் சொன்னால் ஐந்து லட்சத்தை ஒட்டி வரும். சொல்ல அவர் நேரில் வர வேண்டும். அரசு டாக்டர்களைக் கூண்டில் ஏற்றுவது லேசில்லை.

கான்ட்ராக்டருக்கு வேலை கொடுத்த கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, 2027 ஜூலைக்குள் மனு போடுங்கள். போட்ட பிறகு கான்ட்ராக்டரின் குரல் மாறும். மூன்றரை லட்சம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் 'நாள்பட்ட' என்ற சொல் இருந்தால் இரண்டரைக்கே சரி சொல்லுங்கள். எதுவானாலும் ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும்.