கறுப்பின மறுமணக் குடும்பங்களும் குடும்ப ஆலோசனையும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். அங்குள்ள கறுப்பின மறுமணக் குடும்பங்களோடு எப்படி வேலை செய்கிறோம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, பையன் தப்பு செய்தால் அவனிடம் பேசினால் போதாதா? குடும்பம் முழுவதையும் ஏன் கூப்பிட வேண்டும்?

போதாது தம்பி. இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை நடுவில் இழுத்துக்கொள்வார்கள் என்றார் குடும்ப சிகிச்சை முன்னோடியான மர்ரே போவன். அம்மாவுக்கும் புதுக் கணவருக்கும் உள்ள மனக்கசப்பு பையனின் மதிப்பெண் பட்டியலில் வந்து நிற்கும். இன்னொரு முன்னோடி சால்வடோர் மினூச்சின் 1960களில் நியூயார்க்கில், ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பையன்களின் குடும்பங்களோடு வேலை செய்துதான் குடும்பத்தின் கட்டமைப்பையே பார்க்கும் தன் சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார்.

மாற்றாந்தந்தை பிள்ளையைக் கண்டிக்கலாமா?

முதலில் வேண்டாம். கண்டிப்பது அம்மா, பக்கபலம் அவர். பிள்ளையோடு பழக்கம் ஏற்பட்ட பிறகே அதிகாரம். இது எந்த மறுமணக் குடும்பத்துக்கும் பொருந்தும்.

ஆனால் கறுப்பின வீட்டில் இதை மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த மனிதர் அடுத்த முறை வரமாட்டார். போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியும்படி இருக்க வேண்டும், கேட்காமல் டேஷ்போர்டைத் திறக்கக் கூடாது, குரல் உயரக் கூடாது. இதைப் பதினாலு வயதுப் பையனுக்குச் சொல்லித்தந்தே ஆக வேண்டும் என்று அவர் துடிக்கிறார். பையனோ "நீ என் அப்பா இல்லை" என்கிறான். பார்ப்பவருக்கு அவர் அதட்டுவது மட்டும்தான் தெரியும். போலீஸ் கையில் பையனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற அந்தப் பயத்தை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்புறம், அம்மா பக்கத்தில் இருக்க, அந்தப் பாடத்தை இருவரும் சேர்ந்தே சொல்லலாம். பெற்ற அப்பா தொடர்பில் இருந்தால் அவரும் சொல்லட்டும். மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே பேச்சு வரும்போது பையன் யார் பக்கமும் சாய வேண்டியதில்லை.

பாட்டி எல்லாவற்றிலும் தலையிடுகிறார் என்றால்?

தலையீடு என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அம்மா இரட்டை ஷிப்ட் பார்த்த வருஷங்களில் பிள்ளையை வளர்த்ததே பல வீடுகளில் அவர்தான். அவரை விட்டுவிட்டு நடத்தும் ஆலோசனை அந்த வாசலைத் தாண்டாது. கறுப்பினக் குடும்பங்களுக்கான சிகிச்சை பற்றி எழுதிய உளவியலாளர் நான்சி பாய்ட்-ஃபிராங்க்ளின் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சர்ச் போதகர், ரத்த உறவில்லாத "அத்தை" என யாரெல்லாம் பிள்ளையைத் தாங்குகிறார்களோ அவர்கள் எல்லாரும் கணக்கில் வர வேண்டும்.

குடும்பத்தில் யார் யார் என்று காட்டும் வரைபடம் போடும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒரே கூரையில் இருப்பவர்களைச் சுற்றி ஒரு கோடு. "யாரைச் சுற்றிக் கோடு போடட்டும்?" என்று குடும்பத்தையே கேளுங்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாட்டியைப் பிள்ளை உள்ளே சேர்ப்பான், மாற்றாந்தந்தையை வெளியே நிறுத்துவான். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பது தெளிவாக இருந்தால் பாட்டி இருப்பது பலம்தான்.

ஒன்று முக்கியம்: பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "மிஸஸ்" போட்டுக் கூப்பிடுங்கள். அந்த மரியாதை கறுப்பினத்தவருக்குக் காலங்காலமாக மறுக்கப்பட்டது.

மேடம், ஏன் மனம் திறக்கத் தயங்குகிறார்கள்?

காரணம் இருக்கிறது. வீட்டில் ஓர் ஆண் இருப்பதாகத் தெரிந்தால் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையை நிறுத்திய காலம் உண்டு. நள்ளிரவில் வந்து சோதனை போட்டார்கள். அலபாமாவின் அத்தகைய விதியை 1968இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலேயே, நோய் என்ன செய்கிறது என்று அரசு மருத்துவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று முதல் நாளே ஃபார்மை நீட்டினால் அவர்கள் காதில் வேறு என்னவாக விழும்? எதற்குக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கறுப்பினக் குடும்பமே சிதைந்தது என்று படித்தேனே?

1965இல் அமெரிக்க அரசு அதிகாரி மொய்னிஹன் எழுதிய அறிக்கையின் வாதம் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1972இல் சமூகவியலாளர் ராபர்ட் ஹில், கறுப்பினக் குடும்பங்களின் நெருங்கிய உறவுப் பிணைப்பு, பொறுப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன், உழைப்பு, முன்னேறும் வேட்கை, இறைப்பற்று என ஐந்து பலங்களை எடுத்துக்காட்டினார். புது அப்பாவைச் சேர்த்துக்கொள்ள இவ்வளவும் கைகொடுக்கும்.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

மாதக் கணக்கில் யோசிக்காதீர்கள். மறுமணக் குடும்பம் ஒட்டிவரச் சில வருஷங்கள் ஆகும். இதை முதல் சந்திப்பிலேயே தம்பதியிடம் சொல்லிவிடுங்கள்.