சனிக்கிழமை ஆஃபர்ல 700 மிச்சம், கார்டு வட்டி 2,000

கேள்வி: நாங்க கோயம்புத்தூர். வீட்டுக்காரர் சம்பளம் 58,000. ரெண்டு வருஷமா இயற்கை அங்காடி பொருள்தான் சாப்பிடறோம். நாலு கடையோட வாராந்திர ஆஃபர் வாட்ஸ்அப்ல வரும், நோட்டுல எழுதி ஒப்பிட்டுப் பார்த்து சனிக்கிழமை போய் வாங்குவேன், மாசம் 700 ரூபா மிச்சம் ஆகுது. ஆனாலும் கிரெடிட் கார்டுல 48,000 நிக்குது, மாசம் 2,500 மினிமம் கட்டறோம். அதுல 21,000 நாத்தனார் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தது. இப்போ ஒரு கடைல 10,000 முன்பணம் கட்டினா 11,000க்கு பொருள்னு சொல்றாங்க. சேரலாமா? 60,000 எஃப்டி இருக்கு, அதைத் தொட மனசு வரல.

பதில்: சேர வேண்டாம் சகோதரி. அது ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல அந்தக் கார்டு.

நீங்க விலை ஒப்பிடறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா ஒப்பிட்டு முடிச்சு கார்டைத் தேய்க்கிறீங்க பாருங்க, அங்கதான் எல்லாம் போகுது. பெரும்பாலான கார்டுல வட்டி மாசத்துக்கு 3.5% கிட்ட. 48,000க்கு 1,680. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ஒரு 300. ஆக மொத்தம் 2,000ன்னு வைங்க. நீங்க கட்டற 2,500ல அசல் குறையறது வெறும் 500, அதே வாரம் மறுபடி மரச்செக்கு எண்ணெயும் தூயமல்லி அரிசியும் அதே கார்டுல ஏறுது. இன்னொண்ணு, பழைய பாக்கி நிக்கும்போது புதுசா வாங்கற பொருளுக்கு அந்த 45 நாள் 50 நாள் வட்டியில்லா சலுகையும் கிடையாது, வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். அப்ப 10% ஆஃபர்ல வாங்கினது மூணு மாசம் கார்டுல கிடந்தாலே ஆஃபர் காலி. நாலு கடைக்கும் ஸ்கூட்டர்ல சுத்தற பெட்ரோல் வேற, வாரம் 70 ரூபான்னாலும் மாசம் 280. 700 மிச்சம் பிடிக்க 2,280 செலவு பண்றீங்க.

அதனால அந்த எஃப்டிய உடைங்க. இந்த வாரமே. 48,000க்கு 7% வட்டின்னா மாசம் 280 ரூபா வருது, அதைக் காப்பாத்த 2,000 கொடுத்துட்டு இருக்கீங்க. முன்கூட்டி எடுத்தா வட்டில ஒரு பர்சென்ட் பிடிப்பாங்க, பிடிச்சுட்டுப் போகட்டும். மிச்சம் 12,000 பேங்க்லயே இருக்கட்டும், இப்ப கட்டற 2,500ஐ மாசாமாசம் அதோட சேருங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள பழைய 60,000 வந்துடும். பேங்க்காரங்க "பாக்கிய இஎம்ஐயா மாத்தித் தர்றோம் மேடம்"னு போன் பண்ணுவாங்க, எஃப்டி கைல இருக்கும்போது அது உங்களுக்குத் தேவையே இல்ல.

நாத்தனார் விஷயம் எழுதறப்போ எவ்வளவு தயங்கியிருப்பீங்கன்னு புரியுது. "ஆஃபர் போட்டா எங்களுக்கும் ரெண்டு லிட்டர் எடுத்துடுங்க அண்ணி"ன்னு அவங்க கேக்கறது சாதாரணமாத்தான், கடன் கேக்கறதா அவங்களுக்கே தோணியிருக்காது. ஆனா அந்த 21,000க்கு மட்டும் மாசம் 870 ரூபா கிட்ட வட்டி உங்க வீட்டுல இருந்து போகுது. இதை நீங்க பேச வேண்டாம், உங்க வீட்டுக்காரர் அவர் தங்கச்சிகிட்ட பேசட்டும். பழைய பாக்கி மாசம் 3,000ன்னு வந்தா ஏழு மாசம். இனிமே ஜிபேல பணம் வந்த பிறகுதான் பொருள், அதுல உறவு கெட்டுப்போகாது.

இப்ப அந்த 10,000 ஸ்கீம். பேங்க்ல போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, கடைக்காரர்கிட்ட போட்ட முன்பணத்துக்கு எதுவும் கிடையாது, கடையை மூடிட்டா யார்கிட்ட போய் நிப்பீங்க? இந்த மெம்பர்ஷிப், வாலட் எல்லாம் இப்ப ஃபேஷன் ஆகிடுச்சு, எனக்கு இதுல நம்பிக்கை வரல. பணம் உள்ள கிடக்குதேன்னு தேவையில்லாததையும் வாங்க வைக்கும்.

ஒப்பிடறதை விட வேண்டாம், சுருக்கிக்கோங்க. அரிசி, எண்ணெய், பருப்பு, வெல்லம், இந்த நாலுக்கு மட்டும் நோட்டு போதும், மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு கடை. எண்ணெய்ல கவனம், ஒரு கடை லிட்டர் விலை போடும், இன்னொண்ணு கிலோ விலை போடும், ஒரு லிட்டர் கடலெண்ணெய் 910 கிராம்தான் வரும், அதைப் பாக்காம எது சீப்னு முடிவு பண்ணாதீங்க. கம்பு மாவு ஆஃபர்னு மூணு கிலோ வாங்காதீங்க, சீக்கிரம் காறிப்போகும். பாக்கெட்ல "நேச்சுரல்"னு போட்டிருந்தா மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீங்க, இயற்கை விவசாயப் பொருளுக்கான அரசு முத்திரை ஜைவிக் பாரத், அது இருக்கான்னு பாருங்க. காய்கறிக்கு ஆர்.எஸ்.புரம் இல்லன்னா சிங்காநல்லூர் உழவர் சந்தை, காலைல போனா விவசாயிகிட்டயே என்ன மருந்து அடிச்சீங்கன்னு கேட்டு வாங்கலாம். அங்க வர்ற எல்லாமே இயற்கை விவசாயம் இல்ல, அதனால கேட்டுத்தான் வாங்கணும்.

கார்டு பாக்கிய முழுசா கட்டின பிறகு அடுத்த மாச ஸ்டேட்மென்ட்ல கொஞ்சம் வட்டி வரும், நடுவுல ஓடின நாளுக்கானது, பயந்துடாதீங்க. அதையும் கட்டிட்டு கார்டை பீரோல வச்சுடுங்க.