இறங்கிய எடை, ஏறிய தெம்பு: சைக்கிள் ஓட்டுபவர்களின் கேள்விகள்

பத்து மாதமாகத் தினமும் சைக்கிள் ஓட்டி 18 கிலோ குறைத்திருக்கிறேன். இப்போது தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன். குனிந்து ஷூ கயிறு கட்டினால் மூச்சு முட்டுவதில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இன்னும் எத்தனை கிலோ குறைக்கணும்?’ என்றுதான் கேட்கிறார்கள். நான் சந்தோஷப்படுவது சரிதானா?

நூற்றுக்கு நூறு சரி. எடை மெஷினில் தெரிவதை விட நீங்கள் எழுதியிருப்பதுதான் பெரிய செய்தி. வயிற்றில் கொழுப்பு அதிகமாக இருந்தால், குனியும்போது அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையை) மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடம் இருக்காது. அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. (எடை குறைந்த பிறகும் குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுகிறவர்கள் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.) முழங்கால் விஷயத்தில் கணக்கு இன்னும் உற்சாகம் தரும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மூட்டின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். 18 கிலோவுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த முன்னேற்றத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் கால் வலு குறைவு என்று பொருள். மாதம் ஒருமுறை, அதே நாற்காலியில் செய்து பாருங்கள். எடை நகராமல் நிற்கும் மாதங்களில்கூட இந்த எண் பெரும்பாலும் ஏறிக்கொண்டிருக்கும்.

மாடிப்படி ஏறுவது இப்போது சுலபம். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்குகிறது. இவ்வளவு சைக்கிள் ஓட்டியும் ஏன் இப்படி?

ஓட்டியது குறைவு என்று நினைக்காதீர்கள். சைக்கிள் தராத ஒரு வேலை உங்கள் கால்களுக்குத் தேவைப்படுகிறது. பெடலை மிதிக்கும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே தள்ளுகிறது. படி இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உடம்பு தடாலென்று கீழே போகாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பெடலில் இந்த வேலை அநேகமாகக் கிடையாது. அதனால்தான் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இறக்கம் சிரமமாக இருக்கிறது.

இதைத் தனியாகப் பழக்க வேண்டும். அசையாத 10 செ.மீ. உயரப் படி ஒன்றின் மேல் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவர் இருக்கட்டும். மற்றக் கால் படிக்கு வெளியே தொங்கட்டும். நிற்கிற முழங்காலை மெதுவாக, மனதில் மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மடக்குங்கள். தொங்கும் காலின் குதிகால் தரையைத் தொட்டால் போதும். அதில் எடையைப் போடாமல் மேலே வாருங்கள். காலுக்கு 8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரம் மூன்று நாள். 12 முறை திணறாமல் வந்தால் படியை 15 செ.மீ. ஆக்குங்கள், பிறகு 20.

இதில் எல்லோரும் செய்கிற தவறு இரண்டு. வேகமாக இறங்குவது ஒன்று. அப்போது பயிற்சியே நடப்பதில்லை. முழங்கால் உள்பக்கம் சரிவது இன்னொன்று. கண்ணாடி முன்னால் நின்று, முட்டி பெருவிரலுக்கு அடுத்த விரலைப் பார்த்தபடி மடங்குகிறதா என்று கவனியுங்கள். சரிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். தொடையில் ஓரிரு நாள் தசை வலி இருக்கும்; அது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் முழங்கால் திடீரென்று வலுவிழந்து மடங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எடை குறையும்போது எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறையும். சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதால் சைக்கிள் எலும்புக்குப் போதிய சுமை தருவதில்லை. நின்றபடி செய்கிற இந்த மாதிரிப் பயிற்சி அந்தக் குறையை ஈடுகட்ட உதவும்.

முன்பு இறங்கித் தள்ளிக்கொண்டு போன ஏற்றத்தில் இப்போது ஓட்டியே ஏறுகிறேன். சமதரையில் மட்டும் வேகம் பெரிதாகக் கூடவில்லையே, ஏன்? எழுந்து நின்று மிதிக்கவும் ஆசை. இரண்டு மிதியிலேயே தடுமாறி உட்கார்ந்துவிடுகிறேன்.

சமதரையில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. அதற்கு உங்கள் எடை பெரிய விஷயம் இல்லை. ஏற்றத்தில் எடையைத்தான் தூக்குகிறீர்கள். 95 கிலோ ஆளும் 15 கிலோ சைக்கிளும் சேர்ந்து 110. ஆள் 18 கிலோ குறைந்தால் 92. அதே ஏற்றத்தை அதே வேகத்தில் ஏற ஆறில் ஒரு பங்கு குறைவான சக்தி போதும். மாற்றம் முதலில் ஏற்றத்தில் தெரிவது இதனால்தான்.

நின்று மிதிக்கும்போது தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கியர். உட்கார்ந்து ஏறுகிற லேசான கியரிலேயே எழுந்தால், முழு உடல் எடையும் பெடலில் இறங்கி, கால் சட்டென்று கீழே விழும். எழுவதற்கு முன் ஒன்றிரண்டு கியர் கடினமாக்குங்கள். மாற்றும் அந்த நொடியில் மிதியைத் தளர்த்துங்கள். அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும். ஒரு பெடல் உச்சியைத் தாண்டிச் சற்று முன்னால் வரும்போது அதன் மேல் ஏறி எழுங்கள். இடுப்பு சீட்டின் மூக்குக்கு நேர் மேலே இருக்கட்டும். அதிகம் முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் வழுக்கும், மணிக்கட்டும் வலிக்கும். சைக்கிள் இடமும் வலமும் லேசாக ஆடலாம், உடம்பு நேராக இருக்க வேண்டும். மிதமான ஏற்றத்தில் பத்து மிதி, பிறகு உட்கார்ந்து ஒரு நிமிடம். இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு நாளைக்குப் போதும்.

பல வருடம் கழித்துக் கால் மேல் கால் போட்டு உட்கார முடிகிறது! ஆனால் சில நாளாகப் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகிறது.

உங்கள் மகிழ்ச்சியைக் குறைக்க மனமில்லை, ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அப்படி உட்காருவதை இன்றே நிறுத்துங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் கையால் தொட்டால் ஒரு எலும்பு முண்டு தெரியும். பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. வேகமாக எடை குறையும்போது அந்த நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பும் கரைந்துவிடும். கால் மேல் கால் போட்டால் நரம்பு நேராக நசுங்கும். குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பகுதி தரையில் தட்டினால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். வெறும் மரப்பாக இருந்தாலும், சில நாளில் போகாவிட்டால் காட்டிவிடுங்கள்.

எடை குறைந்த பிறகு சீட் முன்பை விட அதிகமாக வலிக்கிறது. பெரிய பஞ்சு சீட் வாங்கலாமா?

வேண்டாம். பின்புறச் சதை குறைந்து, உட்காரும் எலும்புகள் நேராக அழுத்துகின்றன. தடித்த பஞ்சில் எலும்பு புதைந்து, நடுவில் இருக்கும் மென்பகுதி நசுங்கும். எலும்புகளின் இடைவெளிக்கு ஏற்ற அகலம், ஓரளவு கெட்டியான சீட், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த ஷார்ட்ஸ் (உள்ளாடை இல்லாமல்) இவை போதும். உயரத்தையும் மறுபடி பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைப்பதால் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். முழங்காலின் முன்னால் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்னால் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் மாற்றுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது எழுந்தால் தலை சுற்றுகிறது.

எடை குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடுவது உண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலைசுற்றல் தீரும்வரை சைக்கிள் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தளவை மருத்துவரிடம் சரிபார்ப்பது இன்னும் அவசரம்: ஓட்டும்போது சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும்.

இந்தத் தெம்பைக் கொண்டாட ஒரே நாளில் 50 கி.மீ. ஓட்ட நினைக்கிறேன். இதுவரை அதிகபட்சம் 20.

இதை விட நல்ல கொண்டாட்டம் இருக்க முடியாது! வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: 24, 28, 33, நான்காம் வாரம் ஓய்வாக 25, பிறகு 38, 42. அதற்கடுத்த வாரம் 50. முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்ட வேண்டாம். முதல் 10 கி.மீ. மெதுவாகத் தோன்றினால் சரியான வேகத்தில் போகிறீர்கள். மணிக்கு அரை லிட்டர் தண்ணீரைக் கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெயிலில் இன்னும் கூடுதலாக. முக்கால் மணியிலிருந்தே ஏதாவது மாவுச்சத்து, மணிக்கு 30 கிராம் அளவில். பசிக்கும்வரை காத்திருந்தால் கால் ஓய்ந்துவிடும். கை மரக்காமல் இருக்கக் கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். எடை குறைந்ததால் டயரின் காற்றையும், பக்கவாட்டில் அச்சிட்ட வரம்புக்குள், சற்றுக் குறைக்கலாம். கைக்கு வரும் அதிர்வும் குறையும். மாற்று ட்யூப், டயரைக் கழற்றும் லீவர் இரண்டு, பம்ப் கையோடு இருக்கட்டும். புது ஷார்ட்ஸ், புது சீட் எதுவும் அன்றைக்கு வேண்டாம். போய்த் திரும்புகிற பாதை என்றால் எதிர்காற்று வரும் திசையில் முதலில் போங்கள். கால் களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளிக்கொடுக்கும்.