ஜோன், இவான், யுவன்: ஒரே ஆளுக்கு எத்தன பேரு?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: "ஒட்டோமான் துருக்கியர எதிர்த்து நின்ன 15ம் நூற்றாண்டு அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக் பத்தி தமிழ்ல ஒரு நீளமான கட்டுரை எழுதிட்டிருக்கேன். அவரோட அப்பா பேரு ஒரு புக்ல ஜோன் கஸ்ட்ரியோட்டி, இன்னொன்னுல இவான், வேற ஒன்னுல ஜொவான்னி. எல்லாம் ஒரே ஆளா? எத எழுதறது? இவான்னு இருக்கறதால அவரு செர்பியர்னு சிலர் சொல்றாங்களே, அது சரியா?"

ஒரே ஆளுதான், பயப்படாதீங்க. பைபிள்ல வர்ற யோவான்தான் எல்லாத்துக்கும் மூலம், அல்பேனியர்கள்கிட்ட அது ஜோன் ஆச்சு, ஸ்லாவ் மக்கள்கிட்ட (செர்பியர் மாதிரியானவங்க) இவான், யோவன், இத்தாலிக்காரங்ககிட்ட ஜொவான்னி, கிரேக்கர்கள்கிட்ட யானிஸ். இதுல நீங்க முதல்ல பாக்க வேண்டியது அந்தப் பத்திரத்த எழுதினவன் எந்த மொழிக்காரன்ங்கறதுதான், ஏன்னா அந்தக் காலத்து எழுத்தர்கள் பேர அப்படியே எழுத மாட்டாங்க, தன் மொழியில அதுக்கு என்ன வடிவம் இருக்கோ அதப் போட்டுட்டு போயிட்டே இருப்பாங்க. 1420ல அப்பா ஜோன் ரகுசா, அதாவது இப்போதைய துப்ரோவ்னிக் வியாபாரிகளுக்கு ஒரு சலுகைப் பத்திரம் குடுத்தாரு, அது ஸ்லாவ் மொழியில இருக்கு, அதனால அங்க இவான். 1426 வாக்குல கிரேக்கத்துல ஆதோஸ் மலையில இருக்கற ஹிலாந்தர் மடத்துக்கு ரெண்டு கிராமத்து வருமானத்த எழுதி வெச்சதும் ஸ்லாவ் மொழியிலதான், அங்கயும் இவான். ஒட்டோமான் பதிவேடுகள்ல இவரோட நிலத்துக்கே "யுவன் இலி"ன்னு பேரு, யுவனோட நாடுன்னு அர்த்தம் (நம்ம மியூசிக் யுவன் இல்லீங்க).

இப்ப செர்பியரா அல்பேனியரான்னு கேட்டீங்கல்ல, பேர மட்டும் வெச்சு அத முடிவு பண்ணவே கூடாதுன்னு நான் அடிச்சு சொல்வேன். இவரோட பிள்ளைங்க பேரப் பாருங்க: ஸ்டனிஷா, ரெபோஷ், கோன்ஸ்தன்டின், ஜேர்ஜ். முதல் ரெண்டும் ஸ்லாவ் பேரு, மூணாவது லத்தீன்லேர்ந்து வந்தது, நாலாவது ஜார்ஜோட அல்பேனிய வடிவம், அவருதான் பின்னாடி ஸ்கந்தர்பெக் ஆனாரு. ஒரே வீட்ல இவ்வளவு கலவை. வெனிஸ், செர்பிய பிரபுக்கள், ஒட்டோமான்னு நாலு பக்கமும் இழுத்துட்டிருந்த நிலத்துல வாழ்ந்தவங்க, அதனால கல்யாண உறவு எங்கயோ, மதம் எங்கயோ, பத்திர மொழி எங்கயோ இருக்கும். 1485ல வட அல்பேனியாவோட ஷ்கோடர் பகுதிக்கு ஒட்டோமான்காரங்க எடுத்த வரிப் பதிவேட்டுலயும் இதே கதைதான், அப்பனுக்கு ஒரு மொழிப் பேரு மகனுக்கு இன்னொரு மொழிப் பேருன்னு வரும், அத வெச்சுக்கிட்டுதான் ரெண்டு நாட்டு ஆய்வாளர்களும் இன்னிக்கு வரைக்கும் சண்ட போட்டுட்டிருக்காங்க. உங்க கட்டுரைல "ஸ்லாவ் பத்திரங்கள்ல இவான்"னு ஒரு வரி போட்டுட்டு நகர்ந்துடுங்க, அது போதும்.

ஆனா ஒரு எடத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க. ஜோன் மாதிரியே யோவான்லேர்ந்து வந்த இன்னொரு அல்பேனியப் பேரு இருக்கு, ஜின். (பாட்டில் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) மூலம் ஒன்னுங்கறதுக்காக ஜின்ன ஜோனா மாத்திடாதீங்க, ரெண்டும் தனித்தனிப் பேரா புழங்கினது. அல்பேனியாவோட க்ரூயா ஊர ஆண்ட ப்ரோகோனோட மகன் ஜின், 1198லேர்ந்து 1208 வரைக்கும் ஆட்சி. 1399ல செத்துப்போன ஆர்ட்டா (இப்போ கிரேக்கத்துல இருக்கற ஊர்) ஆட்சியாளர் ஜின் புவா ஷ்பாட்டாவ சில இங்கிலீஷ் புக்ல ஜான் ஸ்பாட்டான்னே போட்டிருப்பாங்க, ரெண்டு பேருன்னு நெனச்சு நீங்க தனித்தனியா எழுதிடுவீங்க. துக்காஜினிங்கற பெரிய குடும்பப் பேருக்குள்ளயும் இந்த ஜின்தான் ஒளிஞ்சிருக்கு, துக்கான்னா பிரபு. வட அல்பேனியாவுல லெஜா ஊர் பக்கத்துல இருக்கற ஷெஞ்ஜின் துறைமுகம்னா புனித யோவான்தான், இத்தாலிக்காரங்க அதையே சான் ஜொவான்னி தி மெதுவான்னு சொல்வாங்க.

அதே மாதிரி ஸ்கந்தர்பெக் தன் மகனுக்கும் தாத்தா பேரத்தான் வெச்சாரு, அவரும் ஜோன் கஸ்ட்ரியோட்டி. தாத்தா 1437ல செத்துட்டாரு, பேரன் 1468ல ஸ்கந்தர்பெக் செத்தப்புறம் இத்தாலிக்குப் போயிட்டாரு. அதனால 1468க்கு அப்புறம் நேபிள்ஸ் பக்கம் ஒரு ஜொவான்னி கஸ்ட்ரியோட்டி வந்தா அது பேரன். கட்டுரைல பேரு வர்ற முதல் எடத்துல வருஷத்தையும் சேத்து எழுதிடுங்க.

தமிழ்ல எழுத்து எப்படின்னா, அல்பேனிய மொழியில அந்த முதல் ஒலி க்யாவுக்கும் ஜாவுக்கும் நடுவுல நிக்கும், கொசோவோக்காரங்க வாயில நல்லா ஜோன்னுதான் வரும், அதனால ஜோன்னே எழுதுங்க, கட்டுரை முழுக்க அதையே புடிச்சுக்கோங்க. அல்பேனிய மூலத்தப் பாத்தா ஜோனி, ஜோனின், ஜோனித்னு விதவிதமா கெடக்கும், அதெல்லாம் நம்ம ஐ, கு, உடைய மாதிரி ஒட்டற உருபு, புது ஆளுங்க கெடையாது. மலைநாட்டுப் பக்கம் நடுவுல அப்பா பேரும் வரும்: 1911 மலேசியா கிளர்ச்சிய நடத்துன தெத் ஜோ லூலின்னா ஜோனோட மகன் தெத்னு புரிஞ்சுக்கணும், நம்ம இனிஷியல் கணக்குதான். (இந்த மலேசியா வேற, வட அல்பேனிய மலைப்பகுதி.)

பேர வெச்சு மதத்தையும் ஊகிக்காதீங்க. மாண்டிநீக்ரோவோட வுத்தாய் கிராமத்துல ஜோன்பலாய்ங்கற குடும்பம் முஸ்லிம், பேருக்குள்ள மட்டும் பழைய ஜோன் இன்னும் உக்காந்திருக்காரு. 2021 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில மூணாவது வந்த சுவிஸ் பாடகர் முழுப்பேரு ஜோன் முஹர்ரெமாய், முன்னாடி யோவான், பின்னாடி முஹர்ரம். உங்க கட்டுரைல வர்றவங்களுக்கும் மத அடையாளம் போடணும்னா அதுக்குத் தனியா ஆதாரம் பாத்துட்டுப் போடுங்க, முக்கியமா அப்பா ஜோனுக்கு, ஏன்னா அரசியல் எந்தப் பக்கம் சாஞ்சுதோ அதுக்கேத்த மாதிரி மனுஷன் கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், இஸ்லாம்னு மாறி மாறி இருந்தவரு.