மான் இறைச்சியை மின் இயந்திரத்தில் அரைத்தால் கொத்துக்கறியாக வராமல் களிபோல் வருவது ஏன்?

இதைக் கொழுப்பு மெழுகிக்கொள்ளுதல் எனலாம்: கொழுப்பு துண்டாக வெட்டுப்படாமல் நசுங்கி, இறைச்சியின் மேல் பசைபோல் பூசிக்கொள்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைக் கத்தி சுத்தமாக வெட்டும். அதே வெண்ணெய் சமையல் மேடையில் அரைமணி நேரம் இருந்தால் கத்தியில் அப்பிக்கொள்ளும்.

இயந்திரத்தினுள் திருகுத்தண்டு இறைச்சியைத் தள்ள, துளைத்தட்டை ஒட்டிச் சுழலும் கத்தி அதை வெட்டுகிறது. அந்த உராய்வே வெப்பம் தருகிறது. நம் சிங்கப்பூர்ச் சமையலறையின் முப்பது பாகை வெப்பமும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, உறைநிலையில் வாங்கிய மான் இறைச்சியை முழுவதும் இளக விடாமல், விரலால் அழுத்தினால் ஓரம் சற்றே நெகிழ்ந்தும் நடுப்பகுதி விறைப்பாகவும் இருக்கும் பதத்தில் நறுக்கி, கத்தியையும் தட்டையும்கூட உறைபெட்டியில் வைத்துக் குளிரவைத்து அரையுங்கள். வெண்ணிறச் சவ்வுகளை முன்பே நீக்கிவிட வேண்டும். அவை கத்தியில் சுற்றிக்கொண்டால் எவ்வளவு குளிர்ந்த இறைச்சியும் நசுங்கவே செய்யும். அரைபடும்போது தனித்தனி இழைகளாக வராமல் ஈரமாய்க் குழைந்து வந்தால், உடனே நிறுத்திக் கத்தியைக் கழற்றிப் பார்ப்பதே சரி.

மானுக்குக் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், தேக்கா சந்தை ஆட்டிறைச்சிக் கடையில் கொஞ்சம் கொழுப்புக் கேட்டு வாங்கிச் சேர்ப்பது என் வழக்கம்.

உறையவைத்த இறைச்சியில் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் பல கிருமிகள் பிழைத்திருக்கும், அரைக்கும்போது மேற்பரப்பிலிருந்து உள்ளேயும் கலந்துவிடும் என்பதால், நடுப்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டும்வரை வேகவைக்க வேண்டும்.